சாதிக்காய் உரைத்த வாரம்

தம்பியும் அவன் மனைவியும் சனிக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே கணக்கை மூன்று தடவை காட்டி மூன்று தடவையும் என்னிடம் சரி வாங்கியிருக்கிறார்கள். எமகாதகப் பிள்ளைகள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லயத்தின் கடைசி வீட்டில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்பா கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, அதிகாரத்திலிருந்து இல்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. தம்பி ஒரு பயணிகள் கப்பலின் சமையலறையில் வேலை செய்கிறான். அதே கப்பலில் வேலை செய்த ஜமைக்காப் பெண்ணை நான்கு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய ஊரில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான்.

அப்பாவோ நமுனுகுலயில் இருக்கும் தன் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மகளைத்தான் தம்பிக்கு என்று, அவள் சட்டை போட்டுத் திரிந்த காலத்திலேயே பேசி வைத்தது. கல்யாணப் படம் என் போனுக்கு வந்த அன்று அப்பா அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். “இனிமே அவன் இந்தப் படி ஏறக்கூடாது” என்றார். அத்தை அன்றோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அப்பா அன்றோடு தம்பியின் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ‘கப்பக்காரன்’ என்பார்.

அவர்கள் வரும் செய்தியைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். வரட்டும், நான் தெமோதரைக்குப் போய் என் கூட்டாளி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். இரண்டு சாரம், ஒரு சட்டை, சவரக் கத்தி, தைல போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திங்கட்கிழமையே ஆணியில் மாட்டிவிட்டார். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தம்பி உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வருகிறான். அப்பா இல்லாத வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போனால் அவன் மறுபடி வரமாட்டான். அவனும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தானே.

என்னால் அப்பாவை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் என் கை வேறு வேலை தேடியது. வருகிறவளுக்கு அவள் ஊர்ப் பானம் ஒன்றைச் செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். தம்பி முன்பு சொல்லியிருக்கிறான்: அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் மேசையில் ஒரு பெரிய குவளை நிறையக் கரட் ஜூஸ் இருந்தே ஆக வேண்டுமாம், அது இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லையாம். அவளிடம் கேட்டேன். குரல் செய்தி அனுப்பினாள். அவளுடைய ஆங்கிலம் பாட்டு மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொரு செய்தியையும் நான்கு தடவை கேட்டால்தான் எனக்குப் பிடிபடும். கரட், தண்ணீர், டின்பால், கொஞ்சம் வனிலா, கொஞ்சம் சாதிக்காய். விருப்பப்பட்டால் ரம்மும் ஊற்றலாம் என்று கடைசியில் சொல்லிச் சிரித்தாள். அந்த ஒன்றை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

கரட்டுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் அப்பா போட்ட பாத்தியிலேயே இருந்தது. அவருக்குத் தெரியாமல் பத்துப் பதினைந்து கிழங்கைப் பிடுங்கினேன். முதல் தடவை செய்தபோது கரட்டை வேகவைத்துவிட்டேன். அதில் என் பிழை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் லயத்தில் ஒரு வருடம் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை வந்தது. அன்றிலிருந்து கொதிக்காத எதையும் நாங்கள் வாயில் வைப்பதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடத் தண்ணீரை வாங்கி ஆவி பறந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கும். ஆகவே வேகவைத்து, அரைத்து, டின்பால் ஊற்றி, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அக்கா, இது சூப், என்று பதில் வந்தது. ‘அக்கா’ மட்டும் தமிழில்.

இரண்டாவது தடவை பச்சையாகச் செய்தேன். மாலையில் எங்கள் பக்கம் கரண்டுக்கு வலு இருக்காது, பிளெண்டர் முனகிக்கொண்டே நிற்கும். அதனால் கரட்டைக் கையாலேயே துருவினேன். துருவியதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து அதில் கட்டிப் பிழிந்தேன். விரலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பிழிந்த சாறு நல்ல நிறத்தில் வந்தது. டின்பால் விட்டதும் மணமும் வந்தது. மிஞ்சிய சக்கையில் தேங்காயும் வெங்காயமும் போட்டுச் சம்பல் செய்து வைத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் அப்பா அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனிதருக்குத் தெரியாமல் எதையும் கொடுத்தால் நன்றாகத்தான் சாப்பிடுவார். தெரிந்தால்தான் வம்பு.

குறையாக இருந்தது சாதிக்காய் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி பதுளைக்குப் போனேன். கடைவீதியில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். சாதிக்காய் என்றதும் அவர் வேறொன்றும் கேட்காமல் வசம்பு, மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வைத்தார். இங்கே சாதிக்காய் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் வாங்குவார்கள். பிறந்த பிள்ளைக்கு வயிறு சரியில்லை, தூக்கம் இல்லை என்றால் இவற்றைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவது எங்கள் வழக்கம். எனக்குச் சாதிக்காய் மட்டும் போதும் என்றேன். நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்கிறேன் என்பது போல் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

எங்கள் கரட் துருவியின் பல் பெரியது. அதில் சாதிக்காயைத் துருவினால் நறநறவென்று துண்டு துண்டாய் விழுந்தது. அடுத்த நாள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் போனேன். அவர்தான் பிள்ளைக் காம்பரா பார்க்கிறவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகள் எல்லாம் பகலில் அவர் பொறுப்பில்தான். உரைக்கல் அவரிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? சாதிக்காய் உரைக்க வேண்டும், கல் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சனிக்கிழமைதானே அவர்கள் வருகிறார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கல்லைக் கழுவி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அவளுக்குப் புளிப்பாக ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு டீச்சர் என்றும் சொன்னார். என் புத்தி முழுக்கக் கரட்டில் கிடந்தது. எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் கொழுந்துக்காரர்கள் வேலைக்கு வரிசையில் நின்றபோதே விஷயம் பரவிவிட்டது. தம்பி பெண்டாட்டி பிள்ளை பெறத்தான் வருகிறாள், அதுதான் டீச்சர் இப்போதே மருந்துச் சாமான் சேர்க்கிறாள் என்று. ஒருத்தி ஆறு மாதம் என்றாளாம், ஒருத்தி ஏழு என்றாளாம். இடைவேளையில் கூட வேலை செய்யும் ஆசிரியை வந்து என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கேயே, அந்த நிமிடமே, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது. நானும் மூடிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன வருடம் தம்பி ஒரு நாள் கப்பலிலிருந்து கூப்பிட்டான். அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்ததும், அது போய்விட்டதும், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னான். கடல் நடுவில் இருந்தார்களாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அக்கா என்றான். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆக, அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டுமில்லை, அவளிடம் பிள்ளைப் பேச்சை எடுக்கவே கூடாது என்பதும் இந்த லயத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் ஆணியில் பையைக் காணோம்.

அப்பா வெளியே இருந்தார். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் சிமெந்துப் படியில் குந்தி உட்கார்ந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அந்தப் படியில் நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அப்போதெல்லாம் பார்த்து நடக்கத் தெரியாதா என்பார். இப்போது பழைய கத்தியால் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். தெமோதரைக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், “கூட்டாளிக்கு ஒடம்பு சரியில்லையாம். அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார்.

பொய். எனக்குப் பொய் என்று தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரிந்திருக்கலாம். அவர் என்னிடம் பிள்ளை விஷயத்தை வாய் திறந்து கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலு வருடமாக எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியும் அசையாத மனுஷன், ஒரு சாதிக்காயில் அசைந்துவிட்டார். சனிக்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டும், தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு அவரால் போக முடியாது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தம்பிக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். இங்கே எல்லாரும் அவள் வயிற்றைப் பார்ப்பார்கள், அவளிடம் சொல்லி வை என்று எழுதிவிட்டு, இதைப் படித்தால் அவர்கள் கொழும்பிலேயே நின்றுவிடுவார்களே என்று அதையும் அழித்தேன். அடுப்படிக்குப் போய் உரைக்கல்லைக் கழுவி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்க் கழுவுவேன். அப்பா படியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதுளையிலிருந்து ஆட்டோ வந்து ரோட்டில் நின்றது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படியின் மேலே நின்றார். தம்பி கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. நாலு வருடத்தில் அப்பா அவனிடம் பேசிய முதல் வார்த்தை, “பார்த்து, மெதுவா கூட்டிக்கிட்டு வா” என்பதுதான். அவ்வளவுதான், அவன் அங்கேயே அழுதுவிட்டான். அவள் உயரமான பெண், நல்ல கறுப்பு, தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள். தம்பி சொல்லிக் கொடுத்திருப்பான் போல. மேலே வந்ததும் அப்பாவின் காலைத் தொடக் குனிந்தாள். அப்பா பதறிப்போய் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினார். “குனியக் கூடாது, குனியக் கூடாது” என்றார். அவளுக்கு அது அன்பாகத் தெரிந்தது. முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஜூஸ் எடுத்து வருகிறேன் என்று உள்ளே ஓடினேன்.

விடியற்காலையிலேயே பிழிந்து வைத்திருந்தேன். நாலு கிளாசில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள். தன் அம்மா செய்தது மாதிரியே இருக்கிறது, சாதிக்காய் மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். உரைக்கல்லையும் சாதிக்காயையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இதில் எப்படி என்று கேட்டாள். சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்துக் காட்டினேன். அவள் வாங்கிச் சின்னப் பிள்ளை மாதிரி ஆர்வமாய் உரைத்தாள். அப்பா தன் கிளாசைத் தொடவே இல்லை. அவள் கையையும் அந்தக் கல்லையுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

“எத்தனையாவது மாசம்? இந்த நேரத்துல இவ்வளவு தூரம் கூட்டிட்டு வரலாமாடா?”

தம்பிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டான். ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த எனக்கு இனிமேல் ஓட இடமில்லை.

“அப்பா, அப்படி ஒண்ணும் இல்ல. சாதிக்காய் இந்த ஜூஸுக்குத்தான் வாங்கினேன். லயத்துல தப்பா நெனச்சுட்டாங்க. நீங்க வீட்டுல இருக்கணும்னு நான்தான் சொல்லாம விட்டேன்” என்றேன்.

அப்பா என்னை அடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம். அவர் கண் அந்தக் கல்லிலேயே இருந்தது. அவள் உரைப்பதை நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்கிற குரலில், தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“ஒண்ணு இருந்திச்சுப்பா. போன வருஷம். அஞ்சு மாசத்துல போயிருச்சு.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

“யாரும் இல்ல. கப்பல்ல இருந்தோம்.”

“எனக்கு ஏன்டா சொல்லல?”

“படி ஏறக்கூடாதுன்னு சொன்னீங்களேப்பா.”

அப்பா எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பையை எடுக்காமலே தெமோதரைக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு ஓடினேன். அவர் ரோட்டுக்கு இறங்கவில்லை. லயத்தின் ஓரத்தில், மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனார். வேட்டி சட்டையோடு அதன் அடியில் போய் நின்றார். மதியத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் குத்தும். தலை நனைய நனைய நின்றார்.

லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தம்பி மனைவியைப் பார்க்க மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு வந்த பிள்ளைக் காம்பரா அக்கா பாதி வழியிலேயே நின்றுவிட்டார். ஒரு மனிதர் பகலில், உடுத்த துணியோடு, ஒன்றும் பேசாமல் பீலியில் தலை நனைத்தால் அதற்கு எங்களிடையே ஒரே அர்த்தம்தான். அக்கா கையிலிருந்த தட்டை முந்தானையால் மூடிக்கொண்டார். எந்த வீட்டுச் சாவு என்று யாரும் கேட்கவில்லை.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவர் ஏன் இப்படிச் செய்கிறார், கோபமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஆள் ஒருவர் தூரத்தில் இறந்துபோய், அந்தச் செய்தி எப்போது வந்து சேர்ந்தாலும், கேட்ட உடனே நாங்கள் இப்படித் தலைக்குக் குளிப்போம். வயிற்றிலேயே போன பிள்ளைக்காக யாரும் குளிப்பதில்லை. அவர் குளிக்கிறார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். தம்பியும் பின்னாலேயே போனான். அவர்கள் வருவதைப் பார்த்து அப்பா ஒரு பக்கமாக விலகி, தண்ணீருக்கு அடியில் இடம் விட்டார். தலையில் சுற்றிய மஞ்சள் துணியோடு அவள் போய் நின்றாள். போன வருடம் கப்பலில் யாரும் இல்லாமல் அழுத அழுகையை அவள் அங்கே சத்தம் போட்டு அழுதாள். லயத்துப் பெண்களும் இறங்கி வந்தார்கள். நான் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாரமாக அந்தப் பிள்ளையை வைத்து நான் கணக்குப் போட்டேனே தவிர, அதற்கு நான் அத்தை என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நானும் இறங்கிப் போய்த் தலையை நனைத்தேன்.